காற்றில் கோலம்: மண்டபச் சுவரில் அமைக்கும் முறை

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியில் பெரிய கோலம் விரிந்துவிடும். சுற்றிலும் கயிறு கட்டியிருப்பார்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், கை வைக்க முடியாது. நான் சொல்லப்போவது கை வைக்கிற கோலம். சுவரில் புள்ளிகள் தெரியும். எதிரே நிற்பவர் எதையும் தொடாமல் காற்றில் கையை அசைத்தால் இழை விழும்.

நான் பட்டர்வொர்த்தில் கல்யாணத்துக்கும் கோயில் நிகழ்ச்சிக்கும் மைக், லைட், புரொஜெக்டர் கட்டுபவன். நிரல் எழுதுவது என் அக்கா மகள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கிறாள்.

தொடுதிரைப் பலகை வாங்க ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழிக்க வேண்டாம். ஒரு லேப்டாப், சாதாரண வெப்கேம், புரொஜெக்டர், எச்டிஎம்ஐ வயர், இரண்டு எல்இடி விளக்கு போதும். முன்பெல்லாம் இதற்குத் தனிக் கருவி தேவைப்பட்டது. 2010இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட், அகச்சிவப்பு ஒளியால் தூரத்தை அளந்து ஆளைக் கண்டுபிடித்தது. 2017இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது கூகுளின் மீடியாபைப் என்ற இலவச மென்பொருள், வெப்கேம் படத்திலேயே ஒரு கைக்கு 21 புள்ளிகளைக் குறித்துக் கொடுக்கிறது. மணிக்கட்டு 0, கட்டைவிரல் நுனி 4, ஆள்காட்டி விரல் நுனி 8. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் வேலை நடக்கும். (யோசனை ஒன்றும் புதிதில்லை. மைரன் க்ரூகர் என்ற அமெரிக்கர் 1970களிலேயே கேமரா முன் நிற்பவரின் நிழலுருவைத் திரைக்குள் கொண்டுவந்து விளையாட விட்டார்.)

முதலில் முடிவு செய்ய வேண்டியது சைகை. கை எப்போது வரைகிறது, எப்போது சும்மா நகர்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? உள்ளங்கையை விரி, முட்டியை மடக்கு என்றெல்லாம் வைத்தால் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று பாடம் நடத்த வேண்டியிருக்கும். கோலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. மாவு எடுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். விரல் சேர்ந்தால் இழை விழும், பிரிந்தால் நிற்கும். 2024இல் விற்பனைக்கு வந்த, கண்ணில் மாட்டிக்கொள்ளும் கணினியான ஆப்பிள் விஷன் புரோவும் இந்தக் கிள்ளும் சைகையைத்தான் நம்பியிருக்கிறது. நம் பாட்டிமாருக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

நிரலில் கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. 4க்கும் 8க்கும் இடையிலான தூரத்தை அப்படியே எடுக்காதீர்கள். கிட்டே நிற்பவர் கை பெரிதாகத் தெரியும், எட்ட நிற்பவர் கை சிறிதாகத் தெரியும். மணிக்கட்டிலிருந்து நடுவிரலின் அடிமூட்டு வரை, அதாவது 0 முதல் 9 வரை உள்ள தூரத்தால் வகுத்துவிடுங்கள். விகிதம் 0.25க்குக் கீழே போனால் இழை தொடங்கட்டும், 0.4ஐத் தாண்டினால்தான் நிற்கட்டும். ஒரே எல்லை வைத்தால் விரல் லேசாக நடுங்கும்போதெல்லாம் இழை அறுந்து அறுந்து விழும். இந்த எண்களைத் தொடக்கமாக வைத்து உங்கள் கேமராவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

இழை விழும் இடமாக விரல் நுனியை வைக்காமல் 4க்கும் 8க்கும் நடுப்புள்ளியை வையுங்கள். கிள்ளும்போது ஆள்காட்டி விரல் இறங்கும், குறி தவறிவிடும். “மாமா, இந்த ஒரு வரியை மாற்றியதும் பாதிக் குறை போச்சு” என்றாள் அக்கா மகள். மீதிக் குறை நடுக்கம். அதற்கு 2012இல் வந்த ஒன் யூரோ ஃபில்டர் என்ற சிறிய கணக்கு இருக்கிறது. கை மெதுவாகப் போகும்போது நன்றாக வழவழப்பாக்கும், வேகமாகப் போகும்போது விட்டுக்கொடுக்கும். அதனால் இழை கைக்குப் பின்னால் இழுபடாது. படத்தை இடம் வலம் மாற்றவும் மறக்காதீர்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தால்தான் கை தடுமாறாது.

இனி என் பக்கம், வெளிச்சம். இருட்டாக இருந்தால் புரொஜெக்டருக்குக் கொண்டாட்டம், கேமராவுக்குத் திண்டாட்டம். வெளிச்சம் குறைந்ததும் வெப்கேம் தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுக்கும். கை மங்கலாகும், எல்லாம் தாமதமாகும். பலர் இந்த இடத்தில் கம்ப்யூட்டரைத்தான் திட்டுவார்கள். எல்இடி விளக்குகளை இரு பக்கமும், நிற்பவரின் மேல் விழும்படியும் திரையில் சிந்தாதபடியும் திருப்பி வையுங்கள். பிறகு கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் எடுக்கும் நேரத்தைத் தானே மாற்றுவதை, அணைத்துவிட்டுக் கையால் நிலைநிறுத்துங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அமைப்பில் 60 என்று இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். தலைக்கு மேலே டியூப் லைட்டும் அதன் கீழே சுழலும் காற்றாடியும் இருந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். புழுக்கத்தில் யாரும் காற்றாடியை நிறுத்த விடமாட்டார்கள், லைட்டை நிறுத்துங்கள்.

கேமராவைத் திரைக்குக் கீழே, மக்களைப் பார்த்தபடி வையுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் புரொஜெக்டர் வண்ணமெல்லாம் கை மேல் விழுந்து கணினி குழம்பும். புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைத்தால் ஆள் நிழலும் விழாது. சுவருக்குப் பதில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, புரொஜெக்டர் மெனுவில் ‘ரியர்’ (பின்னாலிருந்து) என்று மாற்றினால் ஆயிற்று. எவ்வளவு இடம் வேண்டும் என்பது லென்ஸைப் பொறுத்தது. வீச்சு விகிதம், அதாவது தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது, 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் பின்னால் போக வேண்டும். மெனுவில் ‘கேம்’ (விளையாட்டு) நிலை இருந்தால் போட்டுவிடுங்கள், தாமதம் குறையும். வயர் இல்லாமல் படம் அனுப்பும் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். கை போன பிறகு கோலம் வரும்.

கையை உயரத் தூக்கி நின்றால் தோள் சீக்கிரம் வலிக்கும். ஆகவே கேமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும், மார்பிலிருந்து இடுப்பு வரை உள்ள உயரத்தை, முழுத் திரைக்கும் விரித்துக்கொள்ளுங்கள். சின்ன அசைவிலேயே கோலம் மூலை வரை போகும். வரைவதை நாலு பக்கமும் பிரதிபலிக்கச் செய்தால் கோணல் இழைகூட அழகாக விழும், குழந்தைகள் துள்ளுவார்கள். அழிக்கும் பொத்தானுக்குக் கிள்ளல் வேண்டாம். கையை அதன் மேல் ஒரு விநாடி நிறுத்தினால் வட்டம் நிரம்பி வேலை செய்யட்டும். இல்லாவிட்டால் கை தற்செயலாகக் குறுக்கே போனாலே கோலம் போய்விடும்.

கூட்டம் சேர்ந்தால் கேமராவுக்குப் பத்துக் கை தெரியும். தரையில் ஒரு பாய் போட்டு ‘இங்கே நில்லுங்கள்’ என்று ஒட்டுங்கள், நிரலில் மிகப் பெரிதாகத் தெரியும் கையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படம் எதையும் சேமிப்பதில்லை என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள், கேமராவைப் பார்த்ததும் தயங்குபவர்கள் உண்டு. லேப்டாப்பில் ஸ்லீப், அப்டேட் இரண்டையும் அணையுங்கள். கோலம் முடிந்ததும் பத்து விநாடி திரையில் அப்படியே நிற்கட்டும், போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் தானாக அழிந்து புள்ளிகள் வரட்டும். அப்போதுதான் வரிசை நகரும்.