லொஃபோட்டன் தீவுகளுக்குக் குடிவருவோருக்கு

வட நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்கு வேலை தேடி வரும் நம்மவர்கள் இருளையும் குளிரையும் எண்ணியே அஞ்சுகிறார்கள். ஆனால் இங்கு அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பது காற்றுதான். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தின் தயவால் ஜனவரியில்கூடக் கரையோரக் குளிர் சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. காற்று வலுத்தாலோ, பெருநிலத்து நகரான பூடோவுக்கும் தீவுகளில் உள்ள மொஸ்கெனேஸுக்கும் இடையே ஓடும் கார்ப்படகு நின்றுவிடும். தீவுகளை இணைத்து ஓ என்ற கடைசி ஊர் வரை செல்லும் ஈ10 சாலை 2007 முதல் படகின்றியே பெருநிலத்தோடு தொடர்புபட்டிருக்கிறது என்றாலும், புயலில் அதுவும் மூடப்படலாம். ஆகவே விமானப் பயணமோ மருத்துவச் சந்திப்போ இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே புறப்படுங்கள். அரிசி, பருப்பு, மருந்து ஆகியவற்றை ஒரு வாரத்துக்குக் குறையாமல் வீட்டில் வைத்திருங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதாயின் வரி அலுவலகத்தில் நேரில் பதிந்து 11 இலக்கத் தேசிய எண்ணைப் பெறுவதே முதல் வேலை. அது கிடைத்த பின்னரே குடும்ப வைத்தியரைத் தெரிவுசெய்ய முடியும். குடும்ப வைத்தியரைக் காணும்வரை காத்திருக்க முடியாத, ஆனால் உயிராபத்தில்லாத நோய்க்கு அழைக்க வேண்டிய எண் 116117, உயிராபத்துக்கு 113. வாடகை ஒப்பந்தம் முழு ஆண்டுக்கும் உரியதா என்று கேட்டுத் தெளிந்த பின்னரே கையெழுத்திடுங்கள். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை விடுவதற்காக மே மாதத்தில் காலிசெய்யச் சொல்பவர்களும் உண்டு.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் எழாது. நண்பகலில் சில மணி நேரம் மலைகளின் மேல் நீல வெளிச்சம் பரவும். அந்த நேரத்தில் கட்டாயம் வெளியே நடந்து வாருங்கள். மேலங்கியில் ஒளிதெறிப்புப் பட்டை இல்லாமல் சாலையோரம் நடக்க வேண்டாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் கோட் மீனை நம்பியே இங்கு ஊர்கள் எழுந்தன. மீன் பதனிடும் ஆலைகளில் வேலையும் அப்போதுதான் மிகுதி. தலை நீக்கிய மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு துளியும் சேர்ப்பதில்லை. குளிர்காற்றே மீனை விறகுபோல உலர்த்திவிடும். நம் கருவாட்டைப் போல உடனே குழம்பில் போட இயலாது, பல நாள் நீரில் ஊறவைக்க வேண்டும். முதல் பருவத்தில் உலரும் மீனின் வாடை கடுமையாகத் தோன்றும். ஆனால் ஊரார் அதைப் பணத்தின் வாசனை என்பார்கள்; அவர்கள் முன் மூக்கைப் பொத்தாதீர்கள்.