சைக்கிள் பிரேம்: பலரும் செய்யும் தவறுகள்

கடைக்குப் போனால் கியர் எத்தனை, டிஸ்க் பிரேக் உண்டா என்று கேட்கிறோம். பிரேமின் நீளத்தையும் சாய்வையும் கேட்பதில்லை. கியரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிரேம் அமைந்தது அமைந்ததுதான்.

29 இஞ்ச் என்பது சக்கரத்தின் அளவு. அதைப் பிரேம் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சரி, பிரேமே 18 இஞ்ச் என்று போட்டிருந்தால்? அது பெரும்பாலும் சீட் குழாயின், அதாவது சீட்டுக்குக் கீழே பெடல் பக்கம் இறங்கும் குழாயின் நீளம். ஹேண்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரே 18 இஞ்சில் இரண்டு மாடல்களுக்குள் இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் வரலாம். நான் ஒருமுறை நீளமான பிரேமை வாங்கிவிட்டு, கை எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளி ஓட்டினேன். கை எட்டியது, முழங்கால் வலி வந்தது. சீட்டின் இடம் பெடலையும் காலையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

அப்புறம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன் ஃபோர்க். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பல சைக்கிள்களில் அதன் அடிப்பகுதி முன்பக்கம் வளைந்திருக்கும். அதிர்வு தாங்கத்தான் அந்த வளைவு என்று நினைப்பவர்கள் அதிகம். முக்கிய வேலை வேறு. ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில். ரேஸ் சைக்கிள்களில் அது சுமார் 55–60 மி.மீ. இருக்கும். டிரெயில் கூடினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். குறைந்தால் தொட்டதும் திரும்பும். வளைவு அதை அளவோடு வைக்கிறது. பெட்டியில் வரும் சைக்கிளை வீட்டில் பொருத்துபவர்கள் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவதுண்டு. டிரெயில் எக்கச்சக்கமாகக் கூடும், திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். தயவுசெய்து இதை ஒருமுறை சரிபாருங்கள்; விழுந்தால் அடி பலமாக இருக்கும்.

சாதா ஃபோர்க்கைக் கழற்றி குலுக்கல் தாங்கும் உயரமான சஸ்பென்ஷன் ஃபோர்க் போடுவதும் இதே கதை. 20 மி.மீ. உயர்ந்தாலே ஹெட் குழாய், அதாவது ஃபோர்க் நுழையும் பிரேமின் முன்குழாய், சுமார் ஒரு டிகிரி பின்னால் சாயும்; டிரெயில் கூடும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் அலையும்.

'பிரேம் ரொம்ப முரட்டுத்தனம், முதுகு வலிக்கிறது' என்று விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முக்கோண பிரேம் மேலும் கீழுமாக அநேகமாக வளையாது. குலுக்கலை வாங்கிக்கொள்வது டயர்தான். முதலில் கொஞ்சம் காற்றை இறக்கி, இடமிருந்தால் அகலமான டயர் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.