இரண்டு மூன்று மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயு அடுப்பு: தொடக்கநிலையினருக்கான செய்முறை

2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரின் விலை 1,118 ரூபாய் 50 காசை எட்டியது. பிறகு இரண்டு முறை குறைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் ஏற்றப்பட்டது. நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாவதால், இந்த ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. ஆனால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கம் பாலுக்காக மாடு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களின் தொழுவத்தில், சமையலுக்குப் போதுமான எரிபொருள் அன்றாடம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

முதல் படி: சாணத்தை நிறுத்துப் பாருங்கள்

சாணக் கரைசல் நொதித்து வாயு உண்டாகும் தொட்டியைத்தான் கலன் என்கிறோம். அதை வாங்குவதற்கு முன், ஒரு வாரம் தொழுவத்துச் சாணத்தைக் கூடையில் அள்ளித் தராசில் வையுங்கள். கட்டிப்போட்டு வளர்க்கும் கலப்பினப் பசு ஒன்று நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே போய்விடும். ஏறத்தாழ 25 கிலோ புதுச் சாணத்திலிருந்து ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம் என்பதால், நாள்தோறும் அவ்வளவு சாணம் போட்டால் கணக்கின்படி மாதம் 13 கிலோ, அதாவது ஒரு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இது போதும். மானிய ஆசையில் பெரிய கலனை வாங்கிவிட்டு அரைவயிற்றுக்கு ஊட்டுவதைவிட, கையிலுள்ள சாணத்துக்கு ஏற்ற சிறிய கலனே மேல் என்பது என் கருத்து. மானியம் உண்டா என்பதைக் கிருஷிபவன் எனப்படும் வேளாண் அலுவலகத்திலோ ஊராட்சியிலோ முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கலனும் இடமும்

நாளுக்கு 25 கிலோ சாணமும் 25 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் 50 லிட்டர் கரைசல். அது கலனுக்குள் 40 நாள் தங்க வேண்டுமானால் 2,000 லிட்டர் கொள்ளளவு தேவை. தரைக்கு அடியில் செங்கல்லால் கட்டும் குவிமாடக் கலன் நீடித்து உழைக்கக்கூடியதுதான். ஆயினும் எருத்தேம்பதிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால், அங்கே கட்டுமானத்தில் விரிசல் விழும் வாய்ப்பு அதிகம். அத்தகைய நிலத்தில், தரைமேல் வைக்கும் கண்ணாடியிழைத் தொட்டியும் அதன்மேல் மிதந்து வாயுவைப் பிடித்துவைக்கும் டிரம்மும் கொண்ட ஆயத்தக் கலனையே பரிந்துரைப்பேன். இடம் வெயில் படுவதாகவும், குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளியும், அடுக்களைக்குப் பக்கமாகவும் இருக்கட்டும். தென்னைக்கு அடியில் வேண்டாம்; நிழலும் வேரும் போதாதென்று மட்டையும் விழும்.

மூன்றாம் படி: முதல் நிரப்பு

முதல் தடவை முழுத் தொட்டியையும் நிரப்ப ஏறக்குறைய ஒரு டன் சாணம் தேவைப்படும். அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று நாட்களுக்குள் போட்டு முடித்துவிடுங்கள். சரிக்குச் சரி தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். வைக்கோல், தேங்காய் நார், மண் மூன்றையும் கையாலேயே பொறுக்கி எடுங்கள். நார் மேலே ஆடை கட்டும், மண் அடியில் படிந்து தொட்டியைச் சிறுகச் சிறுக அடைக்கும். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து பத்தில் ஒரு பங்கு பழைய கரைசல் கிடைத்தால், உறை மோர் ஊற்றியது போலத்தான். நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும்.

இந்தக் கட்டத்தில் பொறுமை தேவை. பாலக்காட்டு வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் டிரம் எழும்பும். முதலில் சேரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும் மிகுந்திருப்பதால் அது எரியாது. சாண எரிவாயுவில் எரியும் பகுதியான மீத்தேன், காற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருந்தால் வெடிக்கவும் செய்யும். ஆகவே முதல் ஒன்றிரண்டு டிரம் வாயுவை, அருகில் தீயில்லாமல் திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள். கலன் வாயிலோ குழாய் முனையிலோ தீக்குச்சி காட்டிச் சோதிப்பது ஒருபோதும் கூடாது. சோதனையை அடுப்பில் மட்டும் செய்ய வேண்டும்.

நான்காம் படி: குழாயும் அடுப்பும்

சாண எரிவாயு ஈரத்தோடு வரும். அந்த ஈரம் குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகித் தாழ்வான இடத்தில் தேங்கினால், அடுப்புச் சுடர் குதித்துக் குதித்து எரிந்து, சில நொடிகளில் அணைந்தும்விடும். பலர் வாயு தீர்ந்துவிட்டதென்று நினைத்துக் கலனைக் குறை சொல்வது இதனால்தான். குழாயை ஒரே திசையில் சரிவாகப் பதித்து, அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு T வடிவ இணைப்பும் சிறு குழாய்த்திருகும் வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிடுங்கள்.

சிலிண்டர் அடுப்பை அப்படியே பயன்படுத்த முடியாது. சிலிண்டர் வாயு சுமார் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் வருகிறது. டிரம் தருவது பத்து சென்டிமீட்டர் அளவே. ஆகவே வாயு வரும் துளை பெரிதாக உள்ள சாண எரிவாயு அடுப்பையே வாங்குங்கள். சுடர் மஞ்சளாக இருந்தால் காற்றுத்துளையைச் சற்றுத் திறக்கவும். பர்னரை விட்டு எழும்பிப் பறந்தால் சற்று மூடவும்.

ஐந்தாம் படி: அன்றாடப் பணி

காலையில் பால் கறந்து முடித்த கையோடு அந்த நாளின் சாணத்தைக் கரைத்து ஊற்றி, டிரம்மை அரைச் சுற்றுத் திருப்பிவிடுங்கள். மேலே கட்டிய ஆடை உடையும். தொழுவம் கழுவிய தண்ணீரையே கரைக்கப் பயன்படுத்தலாம், ஆனால் பினாயிலோ சோப்போ கலந்திருக்கக் கூடாது. மடிவீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சில நாள் தனியே குப்பைக்குழியில் சேருங்கள். அந்த மருந்து வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் ஒடுக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து, சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள். எக்காரணம் கொண்டும் கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது; உள்ளே மூச்சுவிடக் காற்று இராது.

ஆறாம் படி: வெளிவரும் கரைசல்

ஊற்றும் அளவுக்கு ஏறக்குறையச் சமமாக மறுபக்கம் வழியும் கரைசலில் வாடை குறைவு, ஈ மொய்ப்பதும் குறைவு. சாணத்திலிருந்த தழைச்சத்தும் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கும். தென்னையின் வட்டப் பாத்தியிலும் தீவனப்புல் வாய்க்காலிலும் பாசனத் தண்ணீரோடு கலந்து விடலாம். ஆனி, ஆடி மழையில் இந்தக் கரைசல் சேரும் குழி நிரம்பி வழிந்து சத்து ஓடைக்குப் போய்விடாதபடி, தகரமோ ஓலையோ கொண்டு மேலே மூடி வையுங்கள்.