தரங்கம்பாடி பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிப் பக்கத்துத் தம்பிகள் இரண்டு பேர், டேனியர் கோட்டை இருக்கும் கடற்கரை ஊரான தரங்கம்பாடி பற்றி எழுதிய கட்டுரையைப் போன வாரம் கொண்டுவந்து தந்தார்கள். இரண்டாம் பத்தியிலேயே எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே தப்பு. எழுத்துப் பிழைகளை விடுங்கள், அவற்றை யாரும் திருத்திக்கொள்ளலாம்.

டச்சும் டேனிஷும்

இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். டச்சுக்காரர் நெதர்லாந்து, டேனியர் டென்மார்க், வேறு வேறு நாடு. நாகப்பட்டினத்தில் இருந்தது டச்சு, தரங்கம்பாடியில் டேனிஷ்.

"தமிழின் முதல் அச்சு இங்கேதான்"

இதுதான் என் கையைக் கடித்த தவறு. பதினொரு வருடத்துக்கு முன், ஈரோட்டிலிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடி போவதற்காக ஒரு சிறு நூல் போட்டோம். 500 பிரதி. பின்னட்டையில் கொட்டை எழுத்தில் 'தமிழ் முதன்முதலில் அச்சேறிய மண்'. கரூர் தாண்டவில்லை, பின் இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழய்யா கேட்டார்: "ஏனுங் தம்பி, 1578-ல கொல்லத்துல அடிச்சத எங்கீங்க கொண்டு போய் வெக்கறது?"

அவர் சொன்னது 'தம்பிரான் வணக்கம்'. போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட 16 பக்க நூல். அதற்கும் முன்னே 1554-இல், லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் தமிழ் அச்சைத் தொடங்கிய பாதிரியார் சீகன்பால்கு அங்கே இறங்கியதே 1706-இல்தான். ஆள் ஜெர்மானியர், அனுப்பியது டென்மார்க் அரசர். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. தமிழில் முதல் புதிய ஏற்பாடு அச்சான ஊர் என்று எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது. அதுவே பெரிய பெருமைதானே? எதற்கு இன்னொரு ஊரின் பெருமையைப் பிடுங்குவது?

திரும்பி வந்து துண்டுச் சீட்டு அடித்து, நாலு ராத்திரி மைதா பசை காய்ச்சி, ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டினோம். விரலிடுக்கில் பசை காய்ந்து தோல் உரிந்தது. அப்படியும் முன்னமே கைமாறிய பிரதிகளை என்ன செய்ய? இதை எங்கே படித்தீர்கள் என்று கோபித் தம்பிகளைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்து நீட்டினார்கள். எங்கள் நூல்தான், சீட்டு ஒட்டாதது.

டேனியர் உருவாக்கிய ஊர்

இல்லை. மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி. டேனியர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டதும் டேன்ஸ்பர்க் கோட்டையைத் தொடங்கியதும் 1620-இல்தான்.

ஆங்கிலேயர் போரிட்டுப் பறித்தது

நெப்போலியன் காலச் சண்டையில் 1808 முதல் 1815 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது, சரி. அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1845-இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு டேனியரே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.