இடி இடிக்காத நாளில் செய்ய வேண்டிய வேலை

எங்கள் மருது கோம்பை நாய். செவலை உடம்பு, கரிமூஞ்சி. தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி வந்தால் முதல் ஆளாய் நிற்பான். ஆனால் மேற்கே மலைமேல் மேகம் கறுத்தால் போதும், கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். ஐப்பசி வந்தால் மழையும் தீபாவளியும் சேர்ந்தே வரும். அந்த மாதம் முழுக்க அவனுக்குச் சரியான சாப்பாடு இருக்காது.

"வெளியே கட்டிப்போடு, ரெண்டு வெடி கேட்டா பழகிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நானும் நம்பி ஒரு தீபாவளிக்கு முற்றத்துத் தூணில் கட்டினேன். தெருவில் ஆயிரம் வாலா வெடித்ததும் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். மறுநாள் சாயங்காலம்தான் தென்னந்தோப்பு மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடைத்தான். முன்னங்காலில் இரண்டு நகம் பிய்ந்திருந்தது. அதற்கப்புறம் குக்கர் விசிலுக்கே நடுங்கினான். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

பழக்க வேண்டியது வானம் தெளிவாக இருக்கும் நாட்களில். போனில் இடிச் சத்தம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனை அடுத்த அறையில் வைத்து, நமக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். வேகவைத்த கோழிக்கறியை, உப்பு மசாலா எதுவும் இல்லாமல், சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பிய்த்துக் கையில் வைத்திருங்கள். சத்தம் முதலில், கறி பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. கறியை முதலில் காட்டினால், கறி வந்தாலே இடி வரும் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். சத்தம் நின்றால் கறியும் நிற்க வேண்டும்.

தினம் ஐந்து நிமிடம் போதும். காது லேசாகத் திரும்பி, உடனே உங்கள் கையைப் பார்த்தால் சரியாகப் போகிறது. உதட்டை நக்கினால், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விட்டால், வாலை ஒடுக்கினால், கறியை வாங்க மறுத்தால், சத்தம் அதிகம் என்று அர்த்தம். அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் இன்னும் குறைத்துத் தொடங்குங்கள். மருதுவுக்கு அடுத்த அறையிலிருந்து போனைக் கூடத்துக்குக் கொண்டுவரவே மூன்று வாரம் ஆயிற்று. குருவி வெடி, சாவு ஊர்வல வேட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இதே வேலைதான். போன் சத்தத்தில் தரை அதிராது, மின்னல் வெட்டாது. அதனால் போனுக்குப் பழகிய நாய் நிஜ இடிக்கு முழுசாகப் பழகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நிஜ மழை நாளுக்கு ஓர் இடம் வேண்டும். ஜன்னல் இல்லாத உள் அறை நல்லது. அவனே தேர்ந்தெடுத்த இடமாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அது கட்டிலடி. நான் என் பழைய சேலை ஒன்றை அங்கே விரித்திருக்கிறேன். காற்று மாறும்போதே கதவு, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஃபேனும் டிவியும் சத்தத்தை மறைக்கும், ஆனால் இடி தொடங்கினால் எங்கள் ஊரில் முதலில் கரண்ட்தான் போகும். அதனால் பேட்டரி ரேடியோ ஒன்று வைத்திருக்கிறேன். ஒளிந்திருக்கும் நாயை இழுத்து வெளியே போடாதீர்கள். அதுவே வந்து மடியில் தலை வைத்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். செல்லம் கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறான பேச்சு.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே, 4 மணிக்கெல்லாம், சங்கிலி போட்டு வெளியே கூட்டிப்போய் வந்துவிடுவேன். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிய வில்லை கட்டாயம்.

இத்தனைக்கும் பிறகு சாப்பிடாமல் கிடந்தால், கதவைப் பிறாண்டி ரத்தம் வந்தால், மழைக்காலத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. வெறுமனே மயங்க வைக்கும் மாத்திரை வேறு. அதைத் தந்தால் உடம்புதான் அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். இந்த வித்தியாசத்தை மருத்துவரிடமே கேளுங்கள். மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. வயசான நாய் திடீரென்று சத்தத்துக்குப் பயந்தால் மூட்டுவலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன ஐப்பசியிலும் மருது கட்டிலடிக்குத்தான் போனான். ஆனால் இடி இடித்ததும் மூக்கை மட்டும் வெளியே நீட்டி என் கையைத் தேடினான். இந்த வருஷம் ஆவணியிலேயே போனை எடுத்துவிட்டேன்.