ஜியோலைட் கொண்டு நீரிலுள்ள ஈயத்தைப் பிடிக்க

ஜியோலைட் என்பது நுண்துளைகள் கொண்ட கல்; தன்னிடமுள்ள அயனிகளை (மின்னேற்றமுள்ள துகள்களை) விட்டுவிட்டு நீரிலுள்ள அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். அதில் கிளினோப்டிலோலைட் வகைதான் இதற்கு ஏற்றது. 0.5 முதல் 1 மி.மீ. வரையிலான மணிகளாக எடுங்கள். தூளாக இருந்தால், கல்லை நிரப்பி நீரை விடும் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கலங்கல் போகும்வரை கழுவி, லிட்டருக்கு 58 கிராம் உப்பு கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். கல்லிலுள்ள கால்சியத்தில் ஒரு பங்கு வெளியேறி அந்த இடத்தில் சோடியம் ஏறும். சோடியம்தான் ஈயத்துக்குச் சுலபமாக இடம்விடும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். அலசிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் வெளுக்கிறதா? உப்பு இன்னும் போகவில்லை.

குழாயில் பாதி நீர் வைத்து, அதற்குள் மணிகளைக் கொட்டுங்கள். காற்றுக்குமிழி சிக்கினால் நீர் ஒரே பக்கமாக ஓடிவிடும். 1 லிட்டர் கல்லுக்கு ஒரு மணி நேரத்தில் 3, 4 லிட்டர் நீருக்கு மேல் விடாதீர்கள்.

விடும் நீரின் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 5-ஐ ஒட்டி இருக்கட்டும். 3-க்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கல்லும் அரிபடும். 7-க்கு மேலே ஈயம் தானாகவே படிந்துவிடும்; பெயர் மட்டும் கல்லுக்கு!

கடின நீரில் கால்சியம் போட்டிக்கு வருவதால் கல் சீக்கிரம் களைத்துவிடும். ஆர்செனேட் (ஆர்செனிக்கின் ஒரு வடிவம்), குரோமேட் இரண்டும் எதிர்மின் அயனிகள், இதில் சிக்காது. உப்புநீரால் கல்லைப் புதுப்பிக்கலாம். ஆனால் ஈயமெல்லாம் அந்த உப்புநீரில்தான் இருக்கும், சாக்கடையில் ஊற்றக் கூடாது.