வாழையிலைச் சாப்பாடு பரிமாறும் முறை: சிறு உணவகம் நடத்துவோருக்குச் சில குறிப்புகள்

வாழையிலையில் மதியச் சாப்பாடு போடும் உணவகத்தில் சமையல் அடுப்படியோடு முடிந்துவிடுவதில்லை. தட்டில் வரும் உணவில் சமையற்காரர் தீர்மானித்த அளவும் சூடும் ஏறக்குறைய அப்படியே மேசைக்கு வந்து சேர்ந்துவிடும்; இலைச் சாப்பாட்டிலோ எவ்வளவு சோறு, எந்தக் குழம்பு, எப்போது ரசம் என்பதையெல்லாம் சப்ளையர்தான் ஒவ்வோர் இலையையும் பார்த்து முடிவு செய்கிறார். சாப்பிடுபவரின் கை சோற்றில் இருக்கிறது. எழுந்து போய் எதையும் எடுத்துக்கொள்ள அவரால் முடியாது. குழம்பு வரும் என்று அவர் கை காயக் காத்திருக்கும் இரண்டு நிமிடம், நல்ல சாம்பாரையும் சுமாரான சாம்பாராக்கிவிடும். நாற்பது, ஐம்பது பேர் உட்காரக்கூடிய மெஸ்ஸோ உணவகமோ நடத்துகிறவர்கள் தங்கள் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

உட்காரவைப்பதிலிருந்து இலை விரிப்பது வரை

பகல் ஒரு மணிக் கூட்டத்தில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்று இடம் பிடிப்பது நம் ஊர்களில் சகஜம். முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது மோர்ச் சோற்றை நிதானமாகச் சாப்பிட யாராலும் முடியாது. நிற்பவருக்கும் அது கூச்சந்தான். இதைத் தவிர்ப்பது உணவகத்தாரின் பொறுப்பு. வாசலில் ஒரு பெஞ்சு போடுங்கள். கல்லாவில் டோக்கன் வாங்கியவர்களை எண் சொல்லி அழைத்து உட்காரவைக்க ஒருவரை நிறுத்துங்கள். "ரெண்டு பேரா? பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்க" என்று அவர் முகம் பார்த்துச் சொல்லிவிட்டால், காத்திருப்பதில் பாதி எரிச்சல் குறைந்துவிடும். எட்டு நிமிடம் ஆகும் என்று தோன்றினால் பத்து என்று சொல்வது நல்லது. ஐந்து என்று சொல்லிவிட்டுப் பத்தாக்குவதை யாரும் மன்னிப்பதில்லை.

மேசையைத் துடைக்கும் துணியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அற்பமாகப் படலாம். ஆனால் ஒரு நாள் முழுக்க ஒரே துணியால் துடைத்த மேசையின் வாடை, இலையை விரித்த பிறகும் மூக்குக்கு எட்டும். ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை எனத் துடைத்த பிறகே இலை போட வேண்டும். துணிகளைப் பந்திக்குப் பந்தி அலச வேண்டும். தண்ணீர் டம்ளர்களை விரலை உள்ளே விட்டுக் கொத்தாகத் தூக்கிவரும் பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். "பாட்டில் தண்ணியா, சாதாத் தண்ணியா?" என்று கேட்பதில் தவறில்லை, சாதாத் தண்ணீர் கேட்டவரை ஒரு படி இறக்கிப் பார்க்கிற அந்தக் குரல்தான் தவறு.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்கும்படி விரிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வலக்கை அடிக்கடி போய்வரும் பக்கம் அகலமாக இருந்தால்தான் பிசைந்து சாப்பிட வசதி. உப்பும் ஊறுகாயும் தேவைப்படும்போது மட்டும் தொட்டுக்கொள்பவை என்பதால் இடது மேல் மூலைக்குப் போகின்றன. பொரியலும் கூட்டும் பச்சடியும் மேல் பாதியில் வரிசையாக வரும். கீழ்ப் பாதி சோற்றுக்கு. ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் இதில் சிறு மாற்றங்கள் உண்டு. எந்த முறையை வைத்துக்கொண்டாலும் உங்கள் உணவகத்தில் எல்லாச் சப்ளையர்களும் அந்த ஒன்றையே பின்பற்றட்டும். பக்கத்துப் பக்கத்து இலைகளில் கூட்டு இடம் மாறிக் கிடந்தால் அரைகுறையாகத் தெரியும். அப்பளத்தை மட்டும் சோற்றுக்குச் சற்று முன்னால் வையுங்கள். தண்ணீர் தெளித்த இலையில் ஐந்து நிமிடம் கிடந்த அப்பளம் நமுத்துப்போகும். பிறகு அதை நொறுக்கும் சந்தோஷம் யாருக்கும் கிடைக்காது.

சோறும் குழம்பும்

முதல் முறை சோற்றைக் குறைவாகப் போட்டு, சீக்கிரம் திரும்பி வருவது நல்ல வழக்கம். குன்றாகக் குவித்துவிட்டுப் போனால் சோறு ஆறிவிடும். சாப்பிட முடியாதவர் மீதம் வைப்பார். ரசத்துக்கும் மோருக்கும் வயிற்றில் இடம் இருக்காது. ஆனால் குறைவாகப் போட்டவர் திரும்பி வராவிட்டால் அதைவிட மோசம். அதனால் இந்த வழக்கம் ஆள் போதுமான அளவு இருக்கும் இடத்தில்தான் பலிக்கும். சோற்று வாளிக்கு ஒருவர், குழம்பு வகைகளுக்கு ஒருவர், காய்க்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, மூவரும் ஒரே திசையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தால் எந்த இலையும் விட்டுப்போகாது. சோற்றுக்காரர் வலமிருந்தும் குழம்புக்காரர் இடமிருந்தும் வந்தால் சிலருக்குச் சோறு வராமல் குழம்பு மட்டும் வந்து நிற்கும். ஆள் குறைவான மெஸ்ஸில், நான்கு கிண்ணங்கள் ஒன்றாகப் பொருத்திய தூக்கை வைத்துக்கொண்டு ஒருவரே சாம்பார், வத்தக் குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு ஊற்றலாம். அவர் பார்க்க வேண்டிய இலைகள் பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழம்பு ஊற்றுவதில் கை நிதானம் வேண்டும். சாப்பிடுபவர் சோற்றில் ஒரு குழி செய்துகொள்வார். அந்தக் குழிக்கு நேரே, இலைக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அதற்கும் மேலே போனால் வெள்ளைச் சட்டையில் தெறிக்கும். கீழே இறங்கினால் கரண்டி சோற்றில் பட்டு எச்சிலாகிவிடும். கரண்டி ஓர் இலையில் பட்டுவிட்டால் அதை அடுத்த இலைக்குக் கொண்டுபோகக் கூடாது. யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பது வீண், எதிரில் இருப்பவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொதிக்கும் சாம்பார் வாளியைக் குழந்தையின் தலைக்கு மேலாக நீட்டக் கூடாது. சுற்றிப் போய்த்தான் ஊற்ற வேண்டும், நேரம் ஆனாலும்.

ரசத்துக்குத் தனிக் கவனம் தேவை. "கலக்கியா, தெளிவாவா?" என்று கேட்டு ஊற்றும் சப்ளையரை வாடிக்கையாளர் மறப்பதில்லை, ஒருவருக்குப் பருப்பு மண்டி வேண்டும், இன்னொருவருக்கு மேலாக நிற்கும் தெளிவுதான் உயிர். ரசம் இலையில் நிற்காது என்பதால், சோறு போட்டு, அதை அவர் அணைகட்டிக்கொள்ளும் வரை ஒரு கணம் பொறுத்து ஊற்ற வேண்டும். சிலர் ரசத்தைக் குடிக்க விரும்புவார்கள். அவர் உள்ளங்கையைக் குவிக்கும் முன்பே ஒரு டம்ளரில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

எப்போது அடுத்ததைக் கொண்டுவருவது என்பதை இலையே சொல்லும். கால் பங்குச் சோறு மீதம் இருக்கும்போது சோற்று வாளி அந்த மேசையை நோக்கி வந்துகொண்டிருக்க வேண்டும். பொரியல் தீர்ந்து ஊறுகாயைத் தொட ஆரம்பித்தால் காய் கொண்டு வரலாம். சாப்பிடுபவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். அதனால் சப்ளையருக்குப் பயிற்சி கொடுக்கும்போது, ஆட்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இலைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.

அதே போல நிறுத்தவும் தெரிய வேண்டும். கல்யாண வீட்டில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது உபசாரம். அங்கே மறுப்பதும் மீண்டும் போடுவதும் உறவின் ஒரு பகுதி. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் இலைக்கு மேல் உள்ளங்கை நீண்டால் அதற்கு மேல் ஒரு பருக்கை விழக்கூடாது. சர்க்கரை நோயாளியாக இருக்கலாம், அவசரமாகப் பேருந்து பிடிக்க வேண்டியவராக இருக்கலாம். காரணம் கேட்கிற உரிமை நமக்கு இல்லை.

பேச்சும் பார்வையும்

அழுக்குச் சட்டையோடு வரும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் காரில் வந்து இறங்குபவருக்கும் ஒரே "வாங்க" கிடைக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது. கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி தினமும் கவனிக்க வேண்டும். ஓர விசிறிக்குக் கீழே உள்ள மேசை யாருக்குப் போகிறது, கைகழுவும் இடத்துக்கு ஒட்டிய மேசை யாருக்குப் போகிறது என்று ஒரு வாரம் பார்த்தாலே பழக்கம் புரிந்துவிடும். தனியாக வரும் பெண்ணை மூலைக்குத் தள்ளுவது, ஊர்ப் பேச்சுத் தெரியாதவரிடம் குரல் உயர்த்துவது, வயதானவரிடம் "சீக்கிரம் சொல்லுங்க" என்பது ஆகியவை உணவின் ருசியோடு சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றினாலும், அந்த மேசையில் உட்கார்ந்தவருக்கு அன்றைய சாப்பாடு என்றால் அதுதான்.

காலை, மாலை டிபன் நேரத்துக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான். என்ன இருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் சப்ளையர், தீர்ந்துபோனதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்கு ஆசைப்பட்டுக் கேட்ட பிறகு "இல்லை" என்பது ஒரு சின்ன ஏமாற்றம். காபியைத் தோசையோடு கொண்டுவந்து வைக்காமல், "காபி இப்பவா, பிறகா?" என்று கேட்க வேண்டும். சட்னி, சாம்பாரில் கை சுருங்கக் கூடாது. சென்னை திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கஃபே, இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரைத் தாராளமாக ஊற்றியே பெயர் வாங்கியது. ஒரு கரண்டி சாம்பாரில் மிச்சம் பிடிக்க நினைக்கும் முதலாளிகள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

தவறு நேராத உணவகம் கிடையாது. சோற்றில் முடி கிடந்தால் "எங்க, காட்டுங்க" என்று இலைக்குள் குனிந்து ஆராய வேண்டாம். இலையோடு எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து, புது இலையில் முதலிலிருந்து பரிமாறுங்கள். பணம் வேண்டாம் என்று கல்லாவிலிருந்தே சொல்லிவிடுங்கள். சாம்பார் சட்டையில் சிந்திவிட்டால் உடனே தண்ணீரும் சுத்தமான துணியும் கொண்டுவர வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு: எல்லோர் முன்னிலையிலும் சப்ளையரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கும் ஆளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அந்தக் கூடத்தில் இருக்கும் முப்பது பேரின் சாப்பாடும் அந்த ஒரு நிமிடத்தில் கெட்டுப்போகிறது. பந்தி முடிந்த பிறகு பின்கட்டில் பேசிக்கொள்ளலாம்.

பரிமாறுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது

பசியோடு இருப்பவரை மற்றவர்களுக்குச் சோறு போடச் சொல்வது கொடுமை. பந்தி தொடங்கும் முன், பதினொரு மணிக்கே, அன்றைய சமையலை அவர்கள் சாப்பிட்டுவிட வேண்டும். கூட்டில் உப்பு கம்மி என்று அவர்களில் ஒருவர் சொன்னால் சரிசெய்ய நேரமும் இருக்கும். நாள் முழுக்க நின்றும் நடந்தும் செய்யும் வேலை இது. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவரப்பட்ட இருக்கை உரிமை பெரும்பாலும் ஜவுளிக் கடைப் பணியாளர்களை முன்வைத்துப் பேசப்பட்டது. அதன் நியாயம் சப்ளையருக்கும் பொருந்தும். பந்திக்கும் பந்திக்கும் இடையில் உட்கார நான்கு முக்காலிகள் போட்டால் முதலாளி ஏழையாகிவிட மாட்டார்.

இன்று பல உணவகங்களில் பரிமாறுகிறவர்கள் வட மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். "கொஞ்சம்", "போதும்", "மறுசோறு", "தெளிவு", "காரம்", "சூடா" போன்ற சொற்களை முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் வேலை நடந்துவிடும். சொல்லோடு கை ஜாடையையும் பழக்குங்கள். உள்ளங்கை நீண்டால் நிறுத்து, விரல்கள் குவிந்தால் கொஞ்சம் மட்டும்.

டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் விருப்பம். 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, சேவைக் கட்டணத்தை உணவகம் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் கொடுத்தும் வசூலிக்கக் கூடாது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல்களை உறுதி செய்தது. ஆகவே நல்ல பரிமாறலுக்கான கூலியைச் சம்பளத்தில்தான் கொடுக்க வேண்டும். மேசையில் விடப்படும் பணத்தை ஒரு உண்டியலில் போட்டு, பரிமாறியவர், மேசை துடைத்தவர், பாத்திரம் கழுவியவர் எல்லோருக்குமாக வாரக் கடைசியில் பங்கிடுவது சண்டையைக் குறைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இலை எடுப்பது

பக்கத்தில் ஒருவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, காலியான இலையைச் சரசரவென இழுத்துத் தொட்டியில் தள்ளி, தண்ணீர் தெளித்துத் துடைப்பது பல இடங்களில் நடக்கிறது. இலையை உட்பக்கமாக மடித்து, தொட்டியை மேசைக்குக் கீழே பிடித்து எடுக்க வேண்டும்; அதிகத் தண்ணீர் விட்டுத் துடைப்பதைப் பக்கத்து ஆள் எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டவர் கடைசியாகப் போய் நிற்கும் இடம் கைகழுவும் குழாய். அங்கே சோப்பு தீராமல் இருக்கிறதா, தொட்டியில் சோற்றுப் பருக்கை அடைத்துத் தண்ணீர் தேங்குகிறதா, தரை வழுக்குகிறதா என்பதை அரை மணிக்கு ஒரு முறை பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட இடத்தை யாரும் பார்ப்பதில்லை.